கிளட்ச் மிதி மீளாமையும் அதன் பரிகாரமும்

மோட்டார் வண்டி ஓட்டுவோர் இடது காலாற் செய்யும் தொழில் ஒன்றே. கிளட்ச் பெடல் எனப்படும் மிதியை அழுத்துவதும், அழுத்திய காலை எடுப்பதுமே அது. அழுத்துவது ஓட்டுவோருடைய வேலை. மீண்டு வருவது மிதியின் வேலை. ஊர்த் தெருக்களில் ஒரு மணி நேரம் ஓட்டினால் இவ்விரண்டும் எத்தனையோ முறை மாறி மாறி நிகழ்கின்றன. ஆதலின், மிதி தன் பங்கைச் செய்கின்றதா என்று ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அது செய்யாதொழியும் நாளில் மட்டுமே, காலின்கீழ் அப்படியொரு பொருள் இருந்ததென்பது நினைவிற்கு வருகின்றது.

எமக்கு அது நினைவிற்கு வந்த இடம் ஒரு ரயில்வே கேட்டு. வண்டி மாருதி 800. 1983-ஆம் ஆண்டின் இறுதியில் முதன்முதல் வெளிவந்து, 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நிறுத்தப்பெற்ற சிறிய வண்டி. கேட்டுத் திறந்ததும் மிதியை அழுத்தி, முதற் கியரைப் போட்டு, மெல்லக் காலை எடுத்தோம். கால் மேலே வந்தது, மிதி வரவில்லை. தரையோடு ஒட்டினாற்போல் அப்படியே கிடந்தது. என்ஜின் இரைந்ததேயன்றி வண்டி அசையவில்லை. பின்னால் நின்ற பஸ்ஸின் ஹாரன் ஒலிக்கத் தொடங்கிற்று. பதற்றத்தில் செருப்பின் நுனியை மிதிக்கு அடியிற் செலுத்தி நெம்பினோம். நெம்பியதும் மிதி திடீரென விடுபட்டு மேலெழுந்தது. வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, தண்டவாளங்களுக்கு இடையில் என்ஜின் அணைந்து நின்றது. ஒரு கணத்திற்கு முன் அவ்விடத்தைக் கடந்துபோன சைக்கிளின் முன்கம்பியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. கேட்டுக் காவலரும் பஸ்ஸிலிருந்து இறங்கிய இருவரும் எம் வண்டியைத் தள்ளி அப்புறப்படுத்தினர். அவர்கள் யாதொன்றும் கூறவில்லை. கூறியிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுசென்றோம். பார்த்தவர் மிதியை இருமுறை அழுத்திவிட்டு, கிளட்ச் செட்டு முழுவதையும் மாற்றவேண்டும் என்றார். ஏன் என்று யாம் கேட்கவில்லை. கியர்ப் பெட்டி இறக்கப்பட்டது. பிளேட்டுகளும் பேரிங்கும் மாற்றப்பட்டன. சம்பளத்திற் பெரும்பகுதி போயிற்று. சில மாதங்கள் மிதி பஞ்சுபோல் இருந்தது. ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும், முன்போலவே ஒருநாள் தரையோடு ஒட்டிக்கொண்டது. வகுப்பில் உராய்வைப்பற்றி ஆண்டுதோறும் நாலு மணி நேரம் பேசும் யாம், எம் காலடியில் இருந்த உராய்வைப்பற்றி ஒரு வினாவும் எழுப்பாமற் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தோமே என்னும் நாணம் அப்பொழுதுதான் உண்டாயிற்று. அடுத்த சனிக்கிழமை வீட்டு வாயிலிலேயே வண்டியைத் திறந்து பார்த்தோம். கண்டதையும் செய்ததையும் மாணாக்கர்க்கும் வண்டி வைத்திருக்கும் பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு இங்கே எழுதுகின்றோம்.

முதலில் கிளட்சின் அமைப்பைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். என்ஜினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரம் ஒன்று உண்டு, அது பிளைவீல். கியர்ப் பெட்டிக்குள் செல்லும் அச்சின்மேல், இருபுறமும் உராய்வுப் பொருள் ஒட்டப்பெற்ற தட்டு ஒன்று உண்டு. அது கிளட்ச் பிளேட். இத்தட்டைப் பிளைவீலின்மேல் வைத்து இறுக நெருக்குவது பிரஷர் பிளேட். நெருக்கும் வலிமையைக் கொடுப்பது, கிண்ணம்போற் குழிந்து, நடுவில் விரல்விரலாக வெட்டப்பட்ட உருக்குத் தகட்டு ஸ்பிரிங். காலால் மிதியை அழுத்தினால் கேபிள் இழுபடுகின்றது. கேபிள் கியர்ப் பெட்டியின் வெளியிலுள்ள சிறு நெம்புகோலை இழுக்க, உள்ளே ரிலீஸ் பேரிங் நகர்ந்து ஸ்பிரிங்கின் விரல்களைத் தள்ளுகின்றது. ஸ்பிரிங் எதிர்ப்புறம் மடங்க, நெருக்கம் தளர்ந்து தட்டு விடுபடுகின்றது. என்ஜினுக்கும் சக்கரங்களுக்கும் உள்ள தொடர்பு அறுகின்றது.

காலை எடுத்தவுடன் மிதியை மேலே கொண்டுவருவது எது? மிதியின் அருகே சில வண்டிகளில் மாட்டியுள்ள சிறு சுருள் ஸ்பிரிங் என்று பலர் எண்ணுவர். அது கடைசி அரையங்குலத்திற்கு உதவும் துணைவனே. உண்மையாகத் தூக்குவது, கியர்ப் பெட்டிக்கு அப்பால் இருட்டிற் கிடக்கும் அத்தகட்டு ஸ்பிரிங்தான். அது தன் பழைய வடிவத்திற்குத் திரும்ப முயல்கின்றது. அம்முயற்சி பேரிங், நெம்புகோல், கேபிள், மிதி என்ற வழியே திரும்பி வந்து நம் பாதத்தைத் தூக்குகின்றது. வழியில் எந்த ஓரிடத்தில் உராய்வு மிகுந்தாலும், பாதத்தை வந்தடைவது குறையும்.

இத்தகட்டு ஸ்பிரிங்கைப்பற்றி இன்னொரு செய்தி கூறவேண்டும். ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678-இல் வெளியிட்ட விதியின்படி, சுருள் ஸ்பிரிங்கை எவ்வளவு இழுக்கின்றோமோ அவ்வளவிற்கு ஏற்ப எதிர்விசை வளரும். குழிந்த தகட்டு ஸ்பிரிங் இவ்விதிக்குக் கட்டுப்படுவதன்று. பிரான்சு தேசத்துப் பெல்வில் என்பவர் 1867-இல் உரிமை பெற்ற குழிதகட்டு ஸ்பிரிங்கின் வழிவந்த இதனை அழுத்திக்கொண்டே போனால், எதிர்விசை ஓரளவு வளர்ந்து, உச்சத்தை அடைந்தபின் சற்றுக் குறைகின்றது. மிதியை அடிவரை அழுத்திப் பிடித்துச் சிக்னலில் நிற்பவருக்கு இது வசதி; கால் வலிப்பதில்லை. ஆனால் மிதியைத் திருப்பித் தூக்கும் விசையும் அதே அடிநிலையிற் குறைந்திருக்கின்றது என்பதை மறத்தலாகாது. மிதி ஒட்டிக்கொள்வதென்றால் நடுவில் ஒட்டாமல் தரையோடு ஒட்டுவது பெரும்பாலும் இதனாலேயே.

இனிக் கேபிள். மாணாக்கர் சைக்கிள் பிரேக்கிற் கண்டதே இதுவும். முறுக்கிய உருக்குக் கம்பி உள்ளே. சுருள் உருக்காலாகிய உறை வெளியே. இவ்வமைப்பிற்கு 1896-இல் உரிமை பெற்றவர் எர்னஸ்ட் பௌடன் என்பவர். நேராக நீட்டிய கேபிளில் உராய்வு அற்பம். வளைந்த கேபிளிலோ, இழுபடும் கம்பி உறையின் உட்சுவரை ஒவ்வொரு வளைவிலும் அழுத்திக்கொண்டே செல்கின்றது. முரட்டு மாட்டின் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிக்கும் உழவரைப் பார்த்திருப்போம். மாடு முழு வலிவோடு இழுக்கும். அவர் ஒரு கையால் எளிதாகப் பிடித்திருப்பார். மரத்தின் பட்டையே பெரும்பங்கைத் தாங்கிவிடுகின்றது. ஆய்லர் என்னும் கணித அறிஞர் பெயரால் வழங்கும் சூத்திரம் இதற்கு உண்டு: வளைவின் ஒருபுறத்து இழுவிசைக்கும் மறுபுறத்து இழுவிசைக்கும் உள்ள விகிதம், 2.718 என்னும் எண்ணை, உராய்வெண்ணையும் ரேடியனில் அளந்த வளைகோணத்தையும் பெருக்கிய தொகைக்கு அடுக்கினால் வருவது. மரத்தில் உழவருக்கு நன்மை செய்யும் இவ்விதியே கேபிளில் நமக்குத் தீமை செய்கின்றது.

எவ்வளவு தீமை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்கிற்காக யாம் கொண்டவை. வண்டிக்கு வண்டி வேறுபடும். கியர்ப் பெட்டி முனையில் கேபிளின் இழுவிசை 40 கிலோ எடைக்குச் சமம் என்றும், மிதியின் நெம்புகோல் விகிதம் 5-க்கு 1 என்றும் வைத்துக்கொள்வோம். உராய்வே இல்லையெனில் காலின் அழுத்தம் 8 கிலோ போதும். மீளும்போதும் மிதியை 8 கிலோ விசையே தூக்கும். கேபிளின் வளைவுகளெல்லாம் கூடி 180 பாகை என்க. புதிய கேபிளில் உராய்வெண் 0.1 ஆயின், மேற்சொன்ன விகிதம் 1.37. கால் 11 கிலோ அழுத்தவேண்டும். மீளும்போது மிதிக்குக் கிடைப்பது 5.8 கிலோ. துருவேறி உராய்வெண் 0.4 ஆயின், விகிதம் 3.5 ஆகிவிடும். கால் 28 கிலோ அழுத்தவேண்டும். மிதிக்குத் திரும்பக் கிடைப்பதோ 2.3 கிலோ மட்டுமே. அடிநிலையில் ஸ்பிரிங்கின் விசை தளர்வதையும், மிதியின் சொந்த அச்சில் உள்ள சிறிது இறுக்கத்தையும் கழித்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. மிதி தரையிற் கிடக்கும்.

இக்கணக்கில் ஓர் உண்மை புலப்படுகின்றது. உராய்வு மிகுங்கால், மிதி மீளாமற் போவதற்கு நெடுநாள் முன்னரே அது கனக்கத் தொடங்கியிருக்கும். அந்தக் கனத்தை நம் கால் மெல்ல மெல்லப் பழகிக்கொள்கின்றது; ஆதலால் அறிவிப்பு நமக்கு எட்டுவதில்லை. வேறொருவர் நம் வண்டியை ஓட்டிவிட்டு, 'கிளட்ச் மிகவும் இறுக்கமாக இருக்கின்றதே' என்றால், அவருக்குக் கால் வலுவில்லை என்று எண்ணிவிடுதல் கூடாது. எம் வீட்டில் இரண்டு மாதமாக அவ்வாறு கூறப்பட்டு வந்தது. யாம் எண்ணியதும் அவ்வாறே.

இனிச் செய்முறை. மிதி ஒருமுறை ஒட்டிக்கொண்ட வண்டியைச் சீர்செய்யும்வரை தெருவில் ஓட்டலாகாது. காலால் நெம்பி ஓட்டும் பழக்கம் மிகக் கேடானது. நெம்பப்பட்ட மிதி மெல்ல எழுவதில்லை, துள்ளி எழும். வண்டியும் உடன் துள்ளும். சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துக் கியரை நியூட்ரலில் விடவேண்டும். மாருதி 800-இல் பெரும்பாலான வேலை பானெட்டைத் திறந்து மேலிருந்தே செய்யத்தக்கது. கீழே புகவேண்டியிருப்பின், ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பிப் புகுதல் ஒருபொழுதும் ஆகாது. உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை நிறுத்தியபின்னரே தலையைக் கீழே கொடுக்கலாம். செங்கலைத் தாங்கியாக வைப்பாரும் உளர்; செங்கல் எச்சரிக்காமல் நொறுங்கும்.

கருவிகள் மிகுதியாக வேண்டுவதில்லை. இரண்டு மூன்று ஸ்பானர், ஒரு குறடு, திருப்புளி, டார்ச் விளக்கு, பழந்துணி, கிரீஸ், எண்ணெய். எல்லாவற்றிற்கும் மேலாக உடனிருக்க ஒருவர்.

முதலிற் பார்க்கவேண்டுவது மிதியின் அடியில் விரித்துள்ள மேட்டை. இதைக் கூறுதற்கு நாணமாகத்தான் இருக்கின்றது. எனினும் கூறாதிருத்தல் தவறு. கனமான ரப்பர் மேட் முன்னே நகர்ந்து, அதன் மடிப்பில் மிதி சிக்கிக்கொள்வது அருமையன்று. ஆசனத்தின் கீழிருந்து உருண்டு வந்த தண்ணீர்ப் புட்டியும் அவ்வாறே. இவற்றை அகற்றியபின்னும் குற்றம் இருக்குமாயின் மேலே செல்லலாம்.

அடுத்துச் செய்யவேண்டுவது, மிதியிலிருந்து ஸ்பிரிங் வரையுள்ள வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே கையால் அசைத்துப் பார்த்தல். வழியில் மூன்று துண்டுகள் உண்டு: மிதி, கேபிள், கியர்ப் பெட்டியின் நெம்புகோல். மூன்றும் சேர்ந்திருக்கும்போது மிதியை எத்தனை முறை அழுத்திப் பார்த்தாலும் குற்றவாளி இன்னாரென்று தெரியாது. பட்டறையில் நிகழ்ந்தது இதுவே.

கியர்ப் பெட்டி முனையில், கேபிளின் மரையிட்ட நுனியில் ஒரு நட்டு இருக்கும். அதைத் தளர்த்துமுன், அதற்கப்பால் எத்தனை மரை வெளியே தெரிகின்றது என்று எண்ணிக் குறித்துக்கொள்வது நன்று. திரும்ப மாட்டும்போது அக்குறிப்பு அரை மணி நேரத்தை மிச்சமாக்கும். நட்டைத் தளர்த்தினால் கேபிள் தொய்யும். தொய்ந்தபின், உள்ளே மிதியின் மேல்முனையில் கொக்கிபோல் மாட்டியிருக்கும் கேபிளின் தலையை விடுவிக்கலாம். அதற்கு ஓட்டுவோர் ஆசனத்தின்முன் மல்லாந்து படுத்துத் தலையை மிதிகளுக்கிடையிற் கொண்டுபோகவேண்டும். ஐம்பது வயதைக் கடந்தவர்க்கு இவ்வேலையில் கடினமான பகுதி இதுவே.

இப்பொழுது மிதி தனியே தொங்குகின்றது. அதை விரலால் முன்னும் பின்னும் ஆட்டினால் தடையின்றி ஆடவேண்டும். இறுகினாலும், கிரீச்சிட்டாலும், பக்கவாட்டில் அசைந்தாலும் குற்றம் அதன் அச்சிலுள்ள புஷ்ஷில் இருக்கின்றது. செருப்பில் ஒட்டிவரும் மணலும் மழைநாளின் ஈரமும் அங்கே சேர்ந்து பழைய கிரீஸைக் களிம்பாக்கிவிடும். போல்ட்டைக் கழற்றி, அச்சைத் துடைத்து, தேய்ந்த புஷ்ஷை மாற்றி, புதிய கிரீஸ் தடவினால் தீரும். எம் வண்டியில் மிதி ஊஞ்சல்போல் ஆடிற்று. அங்கே குற்றமில்லை.

அடுத்து, கேபிளின் இருமுனையும் விடுபட்டிருக்கும் நிலையில், உட்கம்பியை ஒரு கையாற் பிடித்து மெல்ல இழுத்துத் தள்ளிப் பார்க்கவேண்டும். நல்ல கேபிளில் கம்பி பட்டுநூல்போல் வழுக்கிச் செல்லும். எம் கேபிளில் முதல் ஓரங்குலம் நன்றாக வந்தது. பின்னர் மணலில் இழுப்பதுபோன்ற கரகரப்பு. பின்னர் ஓரிடத்தில் அடியோடு நின்றது. வலிந்து இழுத்தபோது வெளிவந்த கம்பியின்மேற் செம்பொடி அப்பியிருந்தது. இரண்டு மூன்று இழைகள் அறுந்து மயிர்போற் சிலிர்த்து நின்றன. அறுந்த இழையின் நுனி உறையின் சுருளிற் குத்தி மாட்டிக்கொள்கின்றது. அழுத்தும்போது வளைந்து கொடுக்கும். மீளும்போது முள்போல் நிமிர்ந்து தடுக்கும்.

துரு அவ்வளவு ஆழத்திற்கு எப்படிச் சென்றது? கியர்ப் பெட்டி முனையில் கேபிளின் உறைக்கு வாயடைப்பாக ஒரு சிறு ரப்பர் மூடி உண்டு. எம் வண்டியில் அது கிழிந்து தொங்கிற்று. மழைக்காலத்தில் முன்சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுநீர் அவ்வழியே புகுந்து, கேபிளின் தாழ்ந்த வளைவில் தேங்கிற்று. மழை நின்று வெயில் வந்ததும் நீர் வற்றித் துருவும் மண்ணும் எஞ்சின. மழை ஓய்ந்த மாதத்தில் மிதி ஒட்டிக்கொண்டதன் காரணம் இதுவே. முதன்முறை பட்டறையிற் கியர்ப் பெட்டியை இறக்குவதற்காகக் கேபிளைக் கழற்றியவர்கள், மாட்டும்போது சில சொட்டு எண்ணெய் விட்டிருக்கவேண்டும். சில மாதங்கள் மிதி பஞ்சுபோல் இருந்தது அந்த எண்ணெயாலேயே என்பது எம் துணிபு. புதிய பிளேட்டுகள் அதற்கு யாதொன்றும் செய்யவில்லை.

கேபிளுக்கு எண்ணெய் விடலாமா என்பதில் இருவேறு கருத்து உண்டு. உட்கம்பி வெற்று உருக்கு உறையில் ஓடும் பழைய வகையாயின், கேபிளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல்வாயிற் களிமண்ணாற் சிறு கிண்ணம் பிடித்து, நீர்த்த எண்ணெயை ஊற்றி ஓரிரவு விட்டால் கீழ்வாயில் கறுத்துச் சொட்டும், பயனும் தரும். உறையினுள் நைலான் முதலிய வழுக்குக் குழல் பதித்த வகையாயின், கனத்த கிரீஸைத் திணிப்பது தவறு. தூசியைப் பிடித்துக் களிம்பாகி, நாளடைவில் இறுக்கத்தை மிகுவிக்கும். இழை அறுந்த கேபிளாயின் வகை எதுவாயினும் பேச்சிற்கே இடமில்லை, மாற்றுதல் வேண்டும். அறுந்த இழைகளைக் கத்தரித்து எண்ணெய் விட்டு ஓட்டுபவர், மீதி இழைகள் அறும் இடத்தைத் தாம் தெரிந்தெடுக்க முடியாதென்பதை நினைத்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது துண்டையும் சோதித்தே புதிய கேபிளை வாங்கவேண்டும். நெம்புகோலைக் கையால் அசைத்தால் முதலிற் சிறிது தளர்வாக ஆடும். பின்னர் ஸ்பிரிங்கின் முழு எதிர்ப்புத் தெரியும். நீண்ட ஸ்பானர் ஒன்றால் அதை இழுத்து மெல்லத் தளர்த்தினால், கையைத் தள்ளிக்கொண்டு திரும்பவேண்டும். தயங்கித் திரும்பினால், நெம்புகோலின் அச்சுப் புஷ் இறுகியிருக்கலாம். அல்லது ரிலீஸ் பேரிங் தான் வழுக்கிச் செல்லும் குழலில் சிக்கியிருக்கலாம். அல்லது ஸ்பிரிங்கின் விரல்களே தேய்ந்திருக்கலாம். இவற்றிற்குக் கியர்ப் பெட்டியை இறக்கவேண்டும். அது வீட்டு வாயிலில் செய்யத்தக்க வேலையன்று, பட்டறைக்கே செல்லவேண்டும். ஆனால் அப்பொழுது நாம் ஒரு காரணத்தோடு செல்கின்றோம். கிளட்ச் கூட்டைத் திறப்பவர் அங்குள்ள கரிய தூளை ஊதாதிருத்தல் நன்று. பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதன் தூள் நுரையீரலுக்குக் கொடியது.

எம் நெம்புகோல் நன்றாகவே திரும்பிற்று. ஆகவே புதிய கேபிள் ஒன்றும், அதனோடு ரப்பர் மூடியும் வாங்கினோம். பட்டறைக்கு முன்பு கொடுத்த தொகையோடு ஒப்பிட்டால் இவற்றின் விலை சொல்லத்தக்கதன்று. ஒப்பிடவும் யாம் விரும்பவில்லை. கடையில் 'கிளட்ச் ஒயர்' என்று கேட்டாற் கொடுப்பர்; பழையதைக் கையோடு கொண்டுசென்று நீளமும் முனைகளும் ஒத்திருக்கின்றனவா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கவேண்டும். மாட்டும்போது பழைய கேபிள் சென்ற வழியே செல்லவிடவேண்டும். குறுக்குவழி என்று எண்ணி இறுக வளைத்தல் கூடாது. ஆய்லரின் கணக்கு உடனே வந்து நிற்கும். வளைவு 180 பாகையிலிருந்து 270 பாகையாயின், உராய்வெண் 0.1 உள்ள புதிய கேபிளிலும் விகிதம் 1.37-லிருந்து 1.6 ஆகின்றது. என்ஜினின் புகைக்குழாய்க்கு அருகிற் செல்லவிடுவதும் தவறு. வெப்பத்தால் உட்குழல் இளகும்.

மாட்டியபின் தளர்வைச் சரிப்படுத்தவேண்டும். மிதியை விரலால் மெல்ல அழுத்தினால், முதலில் எதிர்ப்பின்றிச் சிறிது தூரம் செல்லும். இத்தூரத்தின் அளவு வண்டியின் கையேட்டிற் குறிக்கப்பட்டிருக்கும். அதன்படியே நட்டைத் திருகி வைக்கவேண்டும். தளர்வே இல்லையெனில், ரிலீஸ் பேரிங் எப்பொழுதும் விரல்களை உரசிக்கொண்டிருக்கும். தட்டின்மேல் நெருக்கமும் குறைந்து, மேட்டில் ஏறும்போது அது வழுக்கிக் கருகும். தளர்வு மிகுந்தால், மிதியை அடிவரை அழுத்தியும் தட்டு முழுவதும் விடுபடாது. கியர் போடும்போது பற்கள் அரைபடும். மிதி ஒட்டிக்கொள்வதைத் தீர்க்கலாமென்று கருதி, கேபிளை மாற்றாமல் இந்நட்டை மட்டும் இறுக்குவோர் உண்டு. மிதி சற்று மேலே வந்து நிற்பதுபோல் தோன்றும்; உராய்வு அப்படியே இருக்கும்; பிளேட் கருகுவதும் உடன் சேரும்.

கேபிளுக்குப் பதிலாகப் பிரேக் ஆயிலால் இயங்கும் கிளட்சு உடைய வண்டிகளும் பல. மிதியின் பின்னால் மாஸ்டர் சிலிண்டரும், கியர்ப் பெட்டியருகே ஸ்லேவ் சிலிண்டரும், இடையே குழாயும் இருக்கும். பாஸ்கல் கண்ட விதியின்படி, ஒருமுனையிற் கொடுத்த அழுத்தம் மறுமுனைக்கு அப்படியே செல்லும், வளைவுகளாற் குறையாது. ஆனால் குழாயிற் காற்றுப் புகுந்தால், காலின் உழைப்பு காற்றைச் சுருக்குவதிற் செலவாகி, மிதி மெத்தென்று தரைக்குப் போய் அங்கேயே தங்கும். ரப்பர் குழாய் முதுமையால் உள்ளே உப்பி வழியை அடைத்தாலும், ஆயில் போகும், திரும்பாது. பிரேக் ஆயிலுக்குப் பதிலாக என்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டால் சிலிண்டர்களின் ரப்பர் வாஷர்கள் பருத்துச் சிக்கிக்கொள்ளும். பின்னர் ரப்பர் உறுப்புகள் அனைத்தையும் மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

காற்றை நீக்குவதற்கு இருவர் வேண்டும். ஒருவர் மிதியை மெல்ல அழுத்தி அடியிற் பிடித்திருக்க, மற்றவர் ஸ்லேவ் சிலிண்டரிலுள்ள சிறு திருகைத் தளர்த்துவார். குமிழிகளோடு ஆயில் குழல்வழியே புட்டிக்குள் வரும். திருகை மூடிய பின்னரே மிதியை விடவேண்டும். முன்னர் விட்டால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். 'மூடிவிட்டேன்' என்ற சொல்லைக் கேட்காமற் காலை எடுப்பவரோடு இவ்வேலையைச் செய்தல் இயலாது. குமிழி நிற்கும்வரை இவ்வாறு செய்து, மேற்கலத்தில் ஆயில் குறையாதபடி ஊற்றிவரவேண்டும். புட்டியிற் பிடித்த ஆயிலைத் திரும்ப ஊற்றலாகாது. இவ்வாயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகைக்கு ஈரமற்ற நிலையிற் கொதிநிலை 205 பாகை செண்டிகிரேடுக்குக் குறையாதிருக்கவேண்டுமென்றும், ஈரமேறிய நிலையில் 140 பாகைக்குக் குறையாதிருக்கவேண்டுமென்றும் விதித்திருப்பதிலிருந்தே ஈரத்தின் கேடு விளங்கும். வண்டியின் வர்ணத்தின்மேற் பட்டால் உரித்துவிடும். உடனே நீரால் கழுவவேண்டும். பல வண்டிகளில் பிரேக்கும் கிளட்சும் ஒரே கலத்திலிருந்து ஆயில் பெறுகின்றன. அத்தகைய வண்டியில் ஆயில் ஒழுகிக் குறையுமாயின் அது கிளட்சைப்பற்றிய செய்தி மட்டுமன்று, அன்றே கவனிக்கத்தக்கது.

எம் வண்டிக்குத் திரும்புவோம். எல்லாம் மாட்டியபின், என்ஜினை இயக்காமல் மிதியை ஐம்பது முறை அழுத்தி விட்டோம். ஒவ்வொரு முறையும் காலைத் துரத்திக்கொண்டு வந்தது. பின்னர் வண்டிக்கு முன்னும் பின்னும் ஒருவரும் இல்லாமற் செய்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டபடி, நியூட்ரலில் என்ஜினை இயக்கி, மிதியை முழுதும் அழுத்திச் சில நொடி பொறுத்து ரிவர்ஸ் கியரைப் போட்டோம். ரிவர்ஸைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் முன்செல்லும் கியர்களுக்கு வேகத்தை ஒப்பாக்கும் உறுப்பு இருப்பதால், கிளட்சு அரைகுறையாக விடுபட்டாலும் அவை குற்றத்தை மறைத்துவிடும். ரிவர்ஸுக்குப் பலவற்றில் அவ்வுதவி இல்லை; தட்டு விடுபடாதிருந்தால் அரைபடும் ஒலியால் உடனே காட்டிக்கொடுக்கும். ஒலியின்றி விழுந்தது.

அன்று மாலை, வண்டிகள் குறைந்த தெருவில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தபின், அதே ரயில்வே கேட்டு வழியாகச் சென்றோம். கேட்டு மூடியிருந்தது. காவலர் எம்மை அடையாளம் கண்டுகொண்டு, கேட்டைத் திறந்ததும் பின்னால் நின்ற வண்டிகளை முதலில் விடும்படி கையைக் காட்டினார். அவர்மேற் குறைகூற எமக்கு வழியில்லை. எல்லாரும் சென்றபின் மிதியை அழுத்திக் காலை எடுத்தோம். தண்டவாளத்தை மெல்லக் கடந்தோம்.

கழற்றிய பழைய கேபிளைத் தூக்கி எறியாமல் கல்லூரிப் பௌதிகச் சோதனைச்சாலையின் வடபுறத்து மேசையில் வைத்திருக்கின்றோம். பக்கத்திற் புதிய சைக்கிள் பிரேக் கேபிள் ஒன்றும், எடைக்கற்களும், ஸ்பிரிங் தராசு ஒன்றும் இருக்கின்றன. ஒருமுனையில் எடையைத் தொங்கவிட்டு, உறையை 90, 180, 270 பாகை என வளைத்து மரச்சட்டத்திற் கட்டி, மறுமுனையைத் தராசால் மெல்ல இழுக்கும்போது ஓர் அளவும், மெல்லத் தளர்த்தும்போது ஓர் அளவும் குறித்துக்கொள்ளலாம். முதல் அளவை இரண்டாவதால் வகுத்து, வர்க்கமூலம் கண்டால், ஆய்லரின் விகிதம் கிடைக்கும். அதிலிருந்து இரு கேபிள்களின் உராய்வெண்ணையும் தனித்தனியே காணலாம். வளைவை இரட்டித்தால் விகிதம் இரட்டிக்கின்றதா, வர்க்கமாகின்றதா என்பதை மாணாக்கர் தாமே பார்க்கட்டும். பழைய கேபிளின் அறுந்த இழைகள் விரலிற் குத்தும். முனையிற் சுற்றியுள்ள துணியை அவிழ்க்கவேண்டாம்.